டோக்ளா தின்ற அம்மாள்

இடுப்பில் பேஜர் மாட்டித் திரிந்த காலம். யானைக்கவுனியில் என் அலுவலகத்துக்கு எதிரே வடநாட்டுப் பலகாரக் கடை ஒன்று இருந்தது. காசிமேட்டு மீன்கார அம்மாள் ஒருவர், வியாபாரம் முடிந்ததும் காலிக் கூடையோடு அங்கே வருவார். நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறைய வெற்றிலைக் காவி. "நான் துன்னாதது எதுனா குடு, சேட்டு" என்பார்.

ஒருநாள் டோக்ளா கிடைத்தது. கடித்ததும் முகம் கோணியது.

"த்தூ, இட்லிய சக்கரத் தண்ணில நனைச்சா மாரி கீது!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லா இல்லைன்னா ஏம்மா சிரிக்கிறீங்க?" என்றேன்.

"நேத்து வரிக்கும் இது இன்னான்னே தெர்யாதே, நைனா! இந்தா, நீயும் துன்னு பாரு."

வருஷக்கணக்காக அந்தக் கடையில் டீயைத் தவிர எதையும் தொடாதவன் நான். வாங்கித் தின்றேன். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் அன்று முழுக்க ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது இன்னும் விளங்கவில்லை.