வசந்தா அக்கா கட்டாமல் விட்ட அறை

கல்லூரி அலுவலகத்துக்குப் போன் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். பியூன் வாசலில் வந்து நின்று, "உங்க வூட்டு ஓனரம்மா..." என்றார். மாணவிகள் நோட்டுகளை மூடினார்கள்.

வசந்தா அக்கா தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். செங்கம் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி அவர் கட்டிய வீட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களுக்கு அவரது சிக்கனம் தெரியும். காரணம் தெரியாமல் இருக்கலாம். கணவரைப் பிரிந்தபின் போளூரில் அண்ணன் வீட்டில் சில காலம் இருந்தார். யாரும் கடிந்து பேசவில்லை. ஆனாலும் சாப்பிடும்போது கதவோரமாக உட்காரப் பழகிவிட்டாராம்.

"திரும்ப அங்க போவக்கூடாது, டீச்சர். அதுக்குத்தான் இந்த வூடு."

வாடகை நின்றால் கடன் தவணை நிற்கும். தவணை நின்றால் வீட்டை விற்க வேண்டும். பிறகு போளூர்.

ஆகவே, நான்கு அறைகளுக்குப் பணம் இருந்தும் மூன்றுதான் கட்டினார். நான்காவது அறையின் பணம் வங்கியில். அஸ்திவாரத்தை மட்டும் மாடி தாங்கும்படி போட்டார். மொட்டை மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த அண்ணன் கேட்டார்: "கம்பிய வானத்துக்குக் காட்டினு இருக்கியே, துணி காயப்போடவா? மாடியப் போடு. கார்த்திகை தீபத்துக்கு வாடகைய அள்ளலாம்."

"உன் வேட்டிய அவுத்துக் குடுண்ணா, காயுதான்னு பாக்கலாம்."

அண்ணனே சிரித்துவிட்டார். அவர் போனபின் அக்கா சொன்னார்: "எது கெடும்னு தெரியாது டீச்சர். கெடும்னு தெரியும்."

முதலில் கெட்டது போர்வெல். ஒரு கோடையில் தண்ணீர் நின்றது. மலையடிவாரம், கீழே பாறை. இன்னும் ஆழமாகப் போட்டதில் வங்கிப் பணத்தில் பாதி போயிற்று.

அடுத்து கெட்டது ஜன்னல். எங்கள் பகுதியில் வெளியூர்க்காரர்கள் தங்குவது மலைக்காக. மலை தெரிகிற அறைக்கு ஒரு வாடகை, தெரியாததற்கு வேறு. எல்லோரும் ஜன்னலை மலைப் பக்கமே வைத்தார்கள். இடையில் கிடந்த காலி மனையை யாரும் பொருட்படுத்தவில்லை. அக்காவும்தான். அங்கே ஒரு லாட்ஜ் எழுந்தது. வரிசை வரிசையாகச் செங்கல் ஏற, மலை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் சுவர் மட்டும் இருந்தது. அக்காவுடையதும் என்னுடையதும் போக, மூன்றாவது அறையில் இருந்தவர்கள் காலி செய்தார்கள்.

"அடுத்தவன் மனைய நம்பி ஜன்னல் வச்சிட்டேன்" என்றார். அவ்வளவுதான். மறுவாரம் கொத்தனார் வந்தார். மீதிப் பணத்தில் மாடியில் ஒரே ஓர் அறை, சிமெண்ட் ஷீட் கூரையோடு. அதிலிருந்து பாதி மலை தெரிந்தது. அந்த வாடகை தவணையைக் காப்பாற்றியது. அக்கா கீழே, சுவரைப் பார்த்த அறையில் இருந்தார். வங்கியில் மறுபடி சேர்க்கத் தொடங்கினார்.

இந்தக் கார்த்திகையில் படுத்த படுக்கையானார்.

"மாடி ரூமைக் காலி பண்ணச் சொல்றேன்க்கா. மலையப் பாத்துகினு படுங்க."

"தீபம் வருது. வாடகை போவும்."

"அதுக்குத்தானே பேங்க்ல வச்சிருக்கீங்க?"

ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு: "அது வூட்டுக்கு வர்ற கெட்டதுக்கு, டீச்சர். எனக்கு வர்றதுக்கு இல்ல."

சுவரைப் பார்த்தபடியே போனார்.

அண்ணன் வந்து, போளூருக்கு எடுத்துப் போகலாம் என்றார். எதிர்வீட்டுப் பூக்காரம்மா விடவில்லை. "அவங்க வூடு இங்க இருக்க, இன்னாத்துக்குப் போளூரு?" அண்ணன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தலையை ஆட்டினார். அக்கா தன் வாசலிலிருந்தே போனார்.

மாடி அறையை வேண்டாமென்று அவர் சொன்ன அந்தக் கடைசி மறுப்பை நான் மனதில் வைத்திருக்கிறேன். பெருமையாக அல்ல. சில நாள் அது உறுதியாகக் கேட்கிறது. சில நாள், கதவோரம் உட்கார்ந்து சாப்பிடும் ஒருத்தியின் குரலாக.