தோலில் விட்ட கப்பல்

"அக்கா, மாதுளைத் தோல்லதான் ஆன்டிஆக்ஸிடன்ட் ஜாஸ்தியாம். உனக்குத் தெரியுமா?" என்று தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறான்.

தீவில் நாங்கள் இருந்த மரைன் ஹில் வீட்டில் அவனுக்கு இரண்டு வயதிருக்கும்போது ஒரு மழைநாள். காலையிலிருந்து வயிற்றுப்போக்கு நிற்காமல் கண் சொருகிக் கிடந்தான். கஷாயம் வைக்க அம்மா, காயவைத்த மாதுளைத் தோல் டப்பாவைத் திறந்தாள். காலி. மெயின்லேண்ட் கப்பல் பத்து நாளாக வராததால் பஜாரிலும் பழம் இல்லை.

"தோலெல்லாம் எங்கடி?"

முந்தின நாள்தான் அத்தனையையும் வாசல் மழைத்தண்ணீரில் கப்பலாக விட்டிருந்தேன்.

"எலி இழுத்திருக்கும்மா" என்றேன்.

அம்மா நனைந்துகொண்டே பக்கத்து வீட்டு வங்காளி தீதியிடம் ஓடி, ஒரு துண்டுத் தோல் வாங்கிவந்தாள். அது கொதிக்கும்வரை தம்பியின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாதுடா" என்று பதில் போட்டேன்.