தவளை வண்டிக்குப் பூக் கேட்டது

வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் நான் யோசித்த ஒரே பொருள் அந்த வண்டிதான். கல்யாணத்துக்குக்கூட அரை நாளில் தலையாட்டியவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்களுக்குத் தென்னந்தோப்பு. வீடு ஊருக்குள். தோப்புக்குப் போக இரண்டு பக்கமும் வேலி நெருக்குகிற இட்டேரி ஒரு மைல், அப்புறம் வாய்க்கால், அதைத் தாண்டினால் கரிசல். மழை பெய்துவிட்டால் அந்த மண் காலிலிருக்கும் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். தோப்பு என் பேரில் இருந்ததே தவிர, அதை நடத்தியது என் மனைவி. எந்த மரம் பாளை விட்டது, எதற்கு உப்பு வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. நான் சந்தைக்கும் டீக்கடை அரசியலுக்கும்தான் லாயக்கு.

அவள் வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டதும் எல்லாம் தலைகீழானது. எலும்பு கூடிவிட்டது, முட்டி மட்டும் மடங்க மறுத்துவிட்டது. கைத்தடியோடு தெருக்கோடி மாரியம்மன் கோயில்வரை போவாள், அவ்வளவுதான். தோப்பைக் கண்ணால் பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

சாயங்காலம் நான் திரும்பியதும் முதல் கேள்வி வரும். "ஏனுங்க, வடக்கோரத்து மரம் பாளை விட்டிருச்சுங்களா?"

"விட்டிருச்சு அம்மணி."

வண்டு அடித்து அந்த மரத்தை வெட்டி நாலு மாதமாகியிருந்தது. அவள் தன் கையால் வைத்த மரம், சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்லும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும். அதைக் காப்பியில் சர்க்கரை பத்தவில்லை என்று காட்டித் தீர்த்துக்கொள்வேன்.

அவளைத் தோப்புக்குக் கூட்டிப்போக வழியில்லாமல் இல்லை, ஆனால் எதுவும் சரிப்படவில்லை. டிராக்டரில் அவளால் ஏற முடியாது. ஜீப் வாய்க்கால் இறக்கத்தில் மாட்டிக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரம் கரிசலில் புதையும், மொபெட்டோ சறுக்கும்.

மலைமேல் டீ எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த சிநேகிதர் ஒருவர் வேலையை விட்டுப் போவதற்கு முன், வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒரு வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். உப்பிப்போன நாலு டயர், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல ஹேண்டில்பார், பின்னால் சாமான் வைக்க அகலமான கம்பித்தட்டு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். செம்மண் சேற்றில் தவளை மாதிரித் தத்தித் தத்தி மேட்டில் ஏறியது. தட்டில் ஒரு மெத்தையைக் கட்டினால் அவள் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம் என்று பார்த்த மாத்திரத்தில் தோன்றிவிட்டது.

ஆசை வந்த வேகத்தில் பயமும் வந்தது. அந்தப் பணம் போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்த வைத்திருந்தது. வண்டி ரிப்பேரானால் யாரிடம் போவது? கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த லேத்துப் பட்டறைக்காரரைக் கேட்டேன். "உடைஞ்சதைக் கொண்டாந்து காட்டுங்க, அதே மாதிரி செஞ்சு போட்டறலாமுங்க" என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டார்.

மனைவிதான் மசியவில்லை. "எனக்கு வேண்டாமுங்க. போரை ஆழப்படுத்துங்க. ஊரே பாத்துச் சிரிக்க நானு அதுமேல உக்காந்துட்டுப் போகோணுமாக்கு?"

மூன்று மாதம் இதே பேச்சு. கடைசியில் அவளே சொன்னாள், "அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்க."

எங்கள் பக்கத்தில் பெண் எடுக்கவும் கிணறு வெட்டவும் பூக் கேட்காமல் நகர மாட்டோம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் வாங்குவது, சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விடுவது என்று முடிவு செய்துகொண்டோம்.

சிவப்பு வந்துவிட்டால் இவள் ஆயுசுக்கும் அதில் ஏற மாட்டாள். மாட்டுச்சாளைக்குப் பின்னால் போய், இரண்டிலும் வெள்ளைப் பூ வைத்து ரகசியமாக இரண்டு பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் கையில் தடி இருந்ததால் பூசைத் தட்டு என் கையில். கோயில் படியில் அவள் தூணைப் பிடித்துச் செருப்பைக் கழற்றியபோது அவள் கட்டித் தட்டில் வைத்திருந்த பொட்டலங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என்னுடையதை வைத்தேன். 'தாயே, இந்த ஒரு தடவை மன்னிச்சுக்கோ' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அவள் அந்தப் பொட்டலத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அம்மனே சொன்னதுக்கப்புறம் என்னங்க, வாங்கிப்போடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிய பொட்டலங்களைக் குப்பையில் போடப் போனேன். போடும் முன் ஒன்றைச் சும்மா பிரித்தேன். வெள்ளை. மற்றதைப் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

தண்ணித் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றவள் அம்மனையே ஏமாற்றத் துணிந்திருக்கிறாள். முட்டி மடங்காமல் போனதிலிருந்து தன்னை வீட்டுக்கு ஒரு வீண் செலவு என்று நினைத்துக்கொண்டதால், என்னிடம் கேட்க மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. அதைப் புரிந்துகொள்ளாத மடையனாக இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

வண்டி வந்தது. மெத்தை கட்டி அவளை ஏற்றினேன். ஊர் சிரிக்கத்தான் செய்தது. அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வாய்க்காலைத் தாண்டி, கரிசலைத் தாண்டி, தோப்புக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தாள். வடக்கோரத்தில் வெறும் அடிக்கட்டை.

"பாளை விட்ட மரம் இதுதானுங்களா?"

நான் வண்டியை அணைத்துவிட்டு மெத்தைக் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

"நீங்க காப்பில சக்கரை பத்தலைன்னப்பவே தெரியுமுங்க" என்றாள். வண்டியிலிருந்து மெல்ல இறங்கி அடிக்கட்டையைத் தடவிக்கொண்டே, "பூசாரி பிரிச்ச பொட்டலத்துலயும் என்ற முடிச்சு இல்லீங்க. நானு ரெட்டை முடிச்சுத்தான் போடுவேன்" என்றாள்.

"நீ கட்டுனது ரெண்டையும் நானும் பிரிச்சுப் பாத்துட்டேன் அம்மணி."

அவள் முகம் சிவந்துவிட்டது. தடியால் அடிக்கட்டைக்குப் பக்கத்து மண்ணைக் கிளறிப் பார்த்தாள்.

"இந்த எடத்துல ஒரு கன்னு வெக்கோணுமுங்க. நாளைக்கும் என்னைக் கூட்டியாங்க."

ஒன்றரை வருடத்தில் அவள் தனக்கென்று என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். மறுநாள் விடிவதற்குள் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி வைத்தேன்.