நங்கூரத்தில் பதினான்கு நாள்

கடலுக்குப் போனவர்களைக் கரையேற விடக்கூடாது என்று பாம்பனில் முதலில் வாய் திறந்தவள் நான்தான். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

கொரோனாவின் இரண்டாம் வருஷம். பக்கத்துத் தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு சாவு. தூக்க நாலு பேர் வரவில்லை. யாராவது இருமினாலே நான் கதவைச் சாத்திவிடுவேன். கேரளாப் பக்கம் தொழிலுக்குப் போன படகுகள் திரும்பும் நேரம் என்பதால் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். வெளியூர்த் துறைமுகம் தொட்ட படகு பதினான்கு நாள் கடலிலேயே நங்கூரம் போட்டுக் கிடக்கட்டும், ஓர் ஆள் இறங்கக்கூடாது என்றேன். என் வாய்க்குப் பயந்து எல்லாரும் தலையாட்டினார்கள். எதிர் வீட்டுக்காரி மட்டும் எழுந்தாள்.

"கடல்ல கெடக்குறவுகளுக்கு முடியாமப் போனா யாருக்கா பாக்குறது?"

அவளை மேற்கொண்டு நான் பேச விடவில்லை. எங்கள் இருவர் வீட்டுக்காரர்களும் ஒரே படகு. அது வர மாதக் கடைசியாகும், அதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். நான்காம் நாளே வந்து நின்றது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் கேட்காது. அவ்வளவு தூரத்தில் நங்கூரம். டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றதும் செல்போன்களும் சார்ஜ் இல்லாமல் அணைந்தன. சோறு கொண்டுபோன வள்ளத்துக்காரர் தள்ளி நின்று விசாரித்தால், எல்லாரும் நல்லா இருக்கோம் என்பார்களாம். காய்ச்சல் என்று சொன்னால் ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. விடிந்ததும் ஆறு பேரும் படகு ஓரத்தில் நின்று துண்டை வீசிக் காட்டுவார்கள். நாங்கள் இருவரும் கரையில் நின்று எண்ணுவோம். ஆறு என்று எண்ணி முடித்தபிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

நங்கூரம் போட்ட ஒன்பதாம் நாள் ஐந்து துண்டுகள்தான் ஆடின.

மறுபடி எண்ணினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். கடைசியில் என் வீட்டுக்காரரின் பச்சைத் துண்டு தெரிந்தது.

"மாதாவே, எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு," என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

அவள் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மஞ்சத் துண்டக் காணோம்க்கா," என்றாள்.

கட்டுப்பாடாவது மண்ணாவது, வள்ளத்தைத் தள்ளுங்கள் என்று கத்தினேன். கத்தியது மட்டும்தான் நான். தண்ணீரில் இறங்கித் தள்ளியது அவள். பேச்சுமூச்சில்லாமல் கிடந்த அவள் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிரோடு வீடு வந்தார். ஆனால் கடலுக்குப் போக நெஞ்சில் வலு இல்லை.

அந்தக் கூட்டத்தைப் பற்றி அவள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மீன்குழம்பு வைத்தால் எனக்கும் கொடுத்துவிடுகிறாள். காலையில் எதிர் வீட்டில் அவர் இருமத் தொடங்கினால் இப்போது நான் கதவைச் சாத்துவதில்லை. இருமல் நின்றுவிட்டால்தான் பயம். அடுத்த இருமல் கேட்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.