மற்றும் பலரில் எங்கள் அப்பா

இந்த மலரின் அட்டையில் இருப்பது அப்பாவின் கிரீன் கார்டுக்காக எடுத்த படம். வலது காது தெரிய வேண்டும் என்பது அமெரிக்க அரசாங்கத்தின் விதி. அதனால் முக்கால் முகம்தான் இருக்கிறது. ஒரு சினிமா நடிகரின் நினைவு மலருக்கு இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையா என்று சிலர் கேட்டுவிட்டார்கள். கிடைக்கவில்லை.

அப்பா பவானியில் பிறந்தவர். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்து, சோற்றுக்கு வழியில்லாமல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார். பேசும் படம் வந்ததும் சேலத்திலும் கோவையிலும் ஸ்டுடியோ வாசல்களில் நின்றார். வேஷம் கேட்டு நின்றாரே தவிர, யார் காலிலும் விழுந்ததில்லை. தபால்காரர், மந்திரி, கையை விரிக்கும் டாக்டர், பெண்ணைப் பெற்றவர் என்று காலையில் ஒரு வேஷம், மாலையில் ஒரு வேஷம். எத்தனை படம் என்று அவருக்கே தெரியாது. டைட்டிலில் பெயர் வந்ததே இல்லை. “கடைசியில ‘மற்றும் பலர்’னு போடுவான் பாரு, அதுல நான் இருக்கேன்” என்பார். அந்தப் பலரில் ஒருவராக இருந்துதான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்.

அம்மா காலமான பிறகு அப்பாவை கலிஃபோர்னியாவுக்கு, இந்த சன்னிவேலுக்கு அழைத்து வந்தோம். இங்கே அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தான் நடித்ததைப் பேரன் ஒரு முறை பார்க்க வேண்டும்.

எல் கமீனோ ரோட்டில் இருக்கும் இந்தியன் கடையில் வாடகை கேசட்டுகளைக் குடைந்து, கடைசியில் ஒரு படத்தைப் பிடித்தோம். அதில் அப்பாவுக்குச் சாகும் தகப்பன் வேஷம், நீளமான காட்சி. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு வந்தது, இன்னொரு பாட்டு வந்தது, படம் முடிந்தே போனது. ஒரு கேசட்டில் மூன்று படத்தை அடைக்க வேண்டும் என்று, பாட்டுகளை வைத்துக்கொண்டு அழுகைக் காட்சிகளை வெட்டிவிடுவார்களாம்.

“தாத்தா, வென் டூ யூ கம்?” என்றான் மகன்.

“என்னைச் சாக விடாமயே வெட்டிட்டாங்க கண்ணு” என்று அப்பா சிரித்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

சென்னையில் தம்பி அலைந்து பார்த்துவிட்டு போன் செய்தான். “அக்கா, நெகட்டிவே இல்லக்கா. ஃபிலிம்ல இருக்கற வெள்ளிய எடுக்கறதுக்கு உருக்கிட்டாங்களாம். அவர் நடிச்ச எதுவுமே இல்ல. அப்பாகிட்ட சொல்லிடாத.” மாடியில் இருந்த இன்னொரு போனை எடுத்து அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் சினிமாவைப் பற்றிப் பேசவே இல்லை. பேச்சும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. சென்ற ஆண்டு இதயம் கைவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வந்து சொன்னபோது, அப்பா இந்த வசனத்தை இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பாரே என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

காரியங்கள் முடிந்ததும் வீட்டு கேம்கார்டர் டேப்புகளைப் போட்டுப் பார்த்தோம். பிறந்தநாள், கொலு, யோசமிட்டி சுற்றுலா, எல்லாவற்றிலும் அப்பா இருந்தார். எதிலும் அவர் முகம் இல்லை. கேமரா திரும்பியதும் பழக்கதோஷத்தில் ஒதுங்கிவிடுகிறார். ஹீரோவை மறைக்கக் கூடாது என்பதுதான் அவர் ஸ்டுடியோவில் முதலில் கற்ற பாடம். கேக் வெட்டும் பேரனுக்குப் பின்னால் ஒரு தோள்பட்டை, கோல்டன் கேட் பாலத்தில் ஒரு கை. ஒரே ஒரு டேப்பில் குரல் கேட்கிறது. “பையனை எடும்மா, நான் மறைக்கிறேன்.”

எந்த நேரம் கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்து வந்த பக்கத்து வீட்டு அங்கிளுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் ரசமும் சாதமும் கொண்டு வந்த ஆன்ட்டிகளுக்கும், அப்பாவைத் தோள் கொடுத்து அனுப்பிவைத்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி மறவாது. இன்னும் ஓர் உதவி கேட்கிறோம். உங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அப்பா வந்திருக்கிறார். உங்கள் டேப்புகளில் உங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் அவர் ஒதுங்க மறந்து எங்காவது நின்றிருந்தால், எங்களுக்கு ஒரு காப்பி கொடுங்கள். முதுகு மட்டும் தெரிந்தாலும் போதும். தாத்தா எப்படி நடப்பார் என்பது என் மகனுக்கு மறக்கத் தொடங்கிவிட்டது.