மழையில் பால் வெட்டும் சத்தம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஹாஸ்டலில் பிள்ளைகள் லைட்டை அணைத்துவிட்டுக் கதை சொல்லும்போது சுவிட்சைப் போட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். படித்தது பாலிமர் வேதியியல். அளந்து காட்ட முடியாத எதையும் ஒத்துக்கொள்ளாதே என்று பழக்கிவிட்டார்கள். அதனால் இதைச் சொல்லி முடிக்கும்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்கு நன்றாகவே தெரியும், பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எங்கள் வீடு குலசேகரத்துக்கு மேலே, மலையை ஒட்டி. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய், மரப்பட்டையில் கத்தியால் சரிவாக மெல்லிசாகச் சீவி, வடிகிற பாலுக்குச் சிரட்டையைச் சரியாக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும், வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக வடியாது. மழை பெய்தால் வேலையே கிடையாது. ஈரப்பட்டையில் வெட்டினால் மரமும் கெடும், பாலும் தண்ணீரோடு ஓடிவிடும். இது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முதுகலை படிக்கும்போது ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்க எனக்கு வாய்ப்பு வந்தது. ரப்பர் ஆராய்ச்சிக் கூடம். அப்பா ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை, எனக்க மக ரப்பர் படிக்க ஜப்பானுக்குப் போறா என்று சாயாக்கடையில், பஸ்ஸில், சர்ச் வாசலில் சொல்லிக்கொண்டே திரிந்தார். ரப்பரைப் படிக்க எதுக்குவே அவ்வளவு தூரம், வீட்டுக்குப் பின்னால நிக்குதே என்று யாரோ கேலி பண்ணியதற்கு அவர்தான் அதிகமாகச் சிரித்தாராம்.

அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அவர் தோட்டத்தில் நிற்கிற ஐந்து மணி எனக்கு எட்டரை. நான் தங்குமிடத்திலிருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்கு நடக்கிற நேரம். அப்போது கூப்பிடுவார். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வேலை செய்வார். "சாப்பிட்டியா மக்கா?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான், அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பட்டையில் கத்தி ஓடுகிற சத்தம், சருகில் கால் வைக்கிற சத்தம், ஒரு செருமல், மறுபடியும் கத்தி. கடைசியில் "வைக்கட்டா மக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார், கேட்காமல் ஒரு நாளும் வைத்ததில்லை. முதல் சில வாரங்கள் அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது, சாப்பாடு இறங்கவில்லை, எல்லோரும் மரியாதையாகக் குனிந்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இருபது நிமிடம்தான் எனக்கு வீடு. அதை அப்போது நான் உணரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

என் அறைத்தோழி பிம், தெற்குத் தாய்லாந்துக்காரி, அவள் வீட்டிலும் ரப்பர்தான். முதல் நாளே சத்தத்தைக் கேட்டுவிட்டு, உன் அப்பாவுக்கு நல்ல கை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆனால் எங்களோடு சென்னையிலிருந்து வந்த ஒருவன் இருந்தான், அவன் ஒரு நாள் பத்துப் பேர் நடுவில், என் போனில் கத்திச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, உங்கப்பா யார் முதுகைச் சொறிஞ்சிட்டு இருக்கார் என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று சாயங்காலமே அப்பாவைக் கூப்பிட்டு, காலையில் வகுப்பு இருக்கிறது, இனி அந்த நேரத்தில் கூப்பிட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கூப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டேன். வகுப்பு ஒன்பது மணிக்குத்தான்.

"செரி மக்கா, எனக்கு அது தெரியாதுல்லா" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறு மட்டும்தான். அதுவும் தாலுகா ஆபீசில் நிற்கிறவர் மாதிரிப் பேசுவார், சுகமா, படிப்பு எப்படி, செரி, வைக்கட்டா. ஐந்து நிமிடம் தாண்டாது. எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஒரு நாள் சொல்ல வேண்டும், காலையிலேயே கூப்பிடுங்கப்பா, நான் சொன்னதைப் பெரிதாக எடுக்காதீங்க என்று. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு அழைப்பு வரவில்லை. அண்ணனைக் கேட்டேன். அப்பாவுக்க போன் பால் வாளியில விழுந்து போச்சு ஏட்டி, ஒண்ணும் செய்ய முடியல்ல என்றான். சரி, உன் போனில் கொடு என்றேன், தொண்டைக்கட்டு, பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றான். மறுமுறை கேட்டதற்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் ஒருத்தருக்குத் துணைக்கு நிற்கிறார் என்றான். அம்மா வீடியோவில் வந்தாள், நல்லா படிக்கியா மக்கா என்று கேட்டுவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள். கடைசி வாரத் தேர்வுகள், ஆராய்ச்சி அறிக்கை, நானும் அதற்கு மேல் துருவவில்லை. துருவ நேரமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இனிமேல் சொல்வதுதான் விஷயம். அறிக்கையை எல்லோர் முன்னிலும் விளக்க வேண்டிய நாள், வியாழக்கிழமை. நானும் பிம்மும் நடந்து போகிறோம், நல்ல வெயில், எட்டு நாற்பது இருக்கும். போன் அடித்தது. திரையில் 'அப்பா' என்று பெயர். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, போன் சரியாகிவிட்டதாப்பா, தொண்டை எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டே போகிறேன், பதில் இல்லை. கத்தி ஓடுகிற சத்தம். சருகு. செருமல். அப்புறம் மறுபடி கத்தி.

பழைய மாதிரியே கூப்பிட்டிருக்கிறார் என்று நானும் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று இருந்தது. அப்போது பிம் நின்றாள். மழை கேட்கிறதே, உன் அப்பா மழையிலுமா வெட்டுவார் என்றாள். காதில் வைத்துக் கேட்டேன். ஆமாம், மழைதான், இலை மேல் சடசடவென்று நல்ல மழை, அதற்குள்தான் கத்தி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் வெட்டு நனையாமல் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கட்டியிருப்பார்கள் என்று அவளிடம் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் ஒரு வருஷமும் கட்டியதில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சொன்னேன். பிம் முன்னால் நடந்து உள்ளே போய்விட்டாள்.

நான் ஆராய்ச்சிக் கூடத்து வாசலில் நின்றேன். மணி ஒன்பதாகப் போகிறது. கதவைத் திறந்து பேராசிரியர் எட்டிப் பார்த்தார், உள்ளே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா, எனக்கு நேரமாச்சு, சாயங்காலம் நான் கூப்பிடுகிறேன் என்றேன்.

கத்திச் சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது.

"மக்கா" என்றார்.

அவர் மேலே ஏதோ சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. பேராசிரியர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் போனை வைத்துவிட்டேன். சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், தினமும் காலையிலேயே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். சாயங்காலம் கூப்பிட்டால் போகவே இல்லை. ராத்திரியும் இல்லை, மறுநாளும் இல்லை.

ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினேன். அண்ணன் மட்டும் வந்திருந்தான். அப்பா எங்கே என்றதற்கு வீட்டில் என்றான். வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல் சர்ச் பக்கம் திரும்பியது. கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினான். மண் இன்னும் இறுகவில்லை. சிலுவையில் அப்பா பெயரும் தேதியும் எழுதியிருந்தது. தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அண்ணன் என்னிடம் சொன்னதில் ஒன்று உண்மை, விழும்போது போன் பால் வாளிக்குள் போய்விட்டது.

படிக்கிற பிள்ளைக்குச் சொல்லாண்டாம், பரீட்சை முடியட்டும் என்று அம்மாவும் அண்ணனும் சித்தப்பாவும் கூடி முடிவெடுத்தார்களாம். எங்கள் பக்கம் இது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கல்ஃபில் இருக்கிற மகன் வருவதற்காக உடலை ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் மூன்று நாள் வைத்துக் காத்திருக்கிற ஊரும் இதுதான். எனக்காக ஒரு நாள்கூட வைக்கவில்லை. அப்பாவுக்குப் பிள்ளை படிச்சாப் போதும் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். அண்ணனை அங்கேயே அடித்தேன். அவன் தடுக்காமல் வாங்கிக்கொண்டான்.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். எனக்கு அழைப்பு வந்த வியாழன், அப்பாவை அடக்கம் பண்ணிப் பத்தாவது நாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சண்டை போட்டேன், யார் அந்த போனிலிருந்து என்னைக் கூப்பிட்டது, எவன் இப்படி விளையாடியது என்று. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் போனை எடுத்துக் காட்டினேன், அந்த வியாழன், அப்பாவின் பெயர், பதினேழு நிமிடம் என்று இருந்தது. அவன் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தான். உள்ளே அப்பாவின் போன். பால் உள்ளே இறங்கி உறைந்து, பித்தான், திரை, ஓட்டை எல்லாம் ரப்பர் மூடி, ஒரு கட்டியாக இருந்தது. சிம்மைக்கூட எடுக்க முடியவில்லை, அதற்குள்ளேயே இருக்கிறது என்றான்.

"இதுல இருந்து யாரு ஏட்டி விளிப்பா?" என்று என்னிடமே கேட்டான்.

பிறகு அவனே சமாதானம் சொன்னான், பரீட்சைப் பயம், தூக்கமில்லை, பழைய அழைப்பு ஏதாவது தேதி மாறிக் காட்டியிருக்கும். பிம்முக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன், மழையைக் கேட்டாயா என்று. கேட்டேன், அந்த மழையில் யாரும் வெட்டமாட்டார்கள் என்று அன்றே சொல்ல நினைத்தேன், பயமாக இருந்தது என்று எழுதினாள். அந்த வாரம் முழுக்க ஊரில் நல்ல மழை, ஒரு மரத்திலும் கத்தி வைக்கவில்லை என்று அண்ணனே அப்புறம் சொன்னான். சரி, இவ்வளவும் தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நானும் பல நாள் அப்படித்தான் வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன், ஒன்றைத் தவிர. போனை வைத்தது நான்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வைக்கட்டா என்று கேட்டுவிட்டு வைத்தார் என்றுதான் சொன்னேன். அண்ணனிடமும் அப்படித்தான், பிம்முக்கு எழுதியதிலும் அப்படித்தான். அவள் அப்போது உள்ளே போய்விட்டிருந்தாள், பார்த்தவர் பேராசிரியர் ஒருவர்தான், அவரிடம் போய் யார் கேட்கப் போகிறார்கள்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போன பிறகு அம்மா அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அதுவரை இந்த விஷயத்தில் அவள் வாயே திறக்கவில்லை. நான் தம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"மக்களே, அண்ணைக்கு போனை வச்சது அப்பாவா, நீயா?"

"அப்பாதாம்மா. வைக்கட்டாண்ணு கேட்டுட்டுதான் வச்சாரு."

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"பின்ன என்னத்துக்கு மக்களே," என்றாள், "அந்த வியாழக்கிழமை விடிய வெளுப்புக்கு, இந்தப் புறவாசல்ல நனைஞ்சிட்டு நின்னு, பிள்ளைக்கு நேரமில்ல, பாதியில வச்சிட்டாண்ணு எனக்கிட்ட சொன்னாரு? நான் கனவுண்ணுல்லா நினைச்சேன்."

என் கையில் தம்ளர் இருந்தது, அதைக் கீழே வைக்க எனக்கு நினைவு வரவில்லை. அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

வருஷம் இரண்டு ஆகிறது. நாங்கள் இருவரும் அதைப் பற்றித் திரும்பப் பேசியதில்லை. அப்பா வந்தாரா, அம்மா கண்டது கனவா, எனக்கு அதெல்லாம்கூட இப்போது பெரிதில்லை. அவர் அதைச் சொன்னபோது வருத்தத்தோடு சொன்னாரா, இல்லை வழக்கம்போல என் பிள்ளைக்கு வேலை இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாரா, அது ஒன்றைத்தான் அம்மாவிடம் கேட்க வேண்டும். ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போகிறேன். அவள் என்ன பதில் சொல்வாளோ என்று பயந்து, கேட்காமலேயே திரும்பி வந்துவிடுகிறேன்.