கயர்க்கிற வைன்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் கிளாஸ் கழுவுகிறேன். அதற்கு முன் வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் தரம் பிரித்தேன். செவுளை மணந்தால் எத்தனை நாள் மீன் என்று சொல்லிவிடுவேன். முதுகு போன பிறகு பெட்டி தூக்க முடியவில்லை. இங்கே வந்தேன்.

சவர்க்காரத் தண்ணீர் என் கைக்கு ஒத்துவரவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடிக்கும். சோறு பிசைந்தால் எரியும். தண்ணீரில் கை வைக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டில் மனுசி கரண்டி எடுத்துத் தருவாள். கரண்டியால் தின்ன எனக்கு வெட்கம்.

அப்போதுதான் வைன் ஊற்றிக் கொடுக்கிற வேலைக்கு எங்களுக்குள் ஒருவரை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். கை நனையாத வேலை. பிரான்சிலிருந்து வைன் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்து சோதிப்பார். நானும் பேர் கொடுத்தேன். சுப்பவைசர் சிரித்தார்.

"என்ன அண்ணே, சூடை மீன் மணந்த மூக்கால வைனையும் மணக்கப் போறீங்களோ?"

"மூக்கு ஒண்டுதானே சேர் இரிக்கு."

ஆறு பேர் நின்றோம். போத்தல் போர்தோ என்ற ஊரின் சிவப்பு வைன். பதினைந்து வருசம் கிடந்ததாம். ஆளுக்கு ஒரு வாய். குடித்துவிட்டு என்ன தெரிகிறதென்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் நின்ற வெயிட்டர் "பிளாக்பெரி" என்றார். வெள்ளைக்காரர் தலையாட்டினார்.

நான் மணந்தேன். முதலில் நாவற்பழம். மரத்தில் இருப்பதல்ல, மணலில் விழுந்து வெடித்தது. அதற்குக் கீழே சுருட்டு. பென்சில் சீவின மணம். கொஞ்சம் விட்டு, முதல் மழை பட்ட வட்டை, அந்த வயல் மண். வாயில் வைத்தேன். புளிப்பு அளவாக நின்றது. பிறகு துவர்ப்பு பல் முரசை இழுத்துப் பிடித்தது, நாக்கு காய்ந்தது. விழுங்கின பிறகும் பழம் தொண்டையில் நின்றது. அப்படி ஒன்றை நான் குடித்ததில்லை.

"நாவப்பழம். சுருட்டு. மழை பெஞ்ச வட்டை. நல்லாக் கயர்க்குது. அந்தக் கயர்தான் இதத் தூக்கி நிப்பாட்டுது."

சுப்பவைசர் அதை வெள்ளைக்காரருக்கு இங்கிலீசில் சொன்னார். நாவற்பழத்துக்குச் சொல் வரவில்லை, வெறும் பழம் என்றார். சுருட்டை விட்டுவிட்டார். கயர்க்குது என்றதற்கு "பிட்டர்" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். குசினியில் பாவக்காய்ப் பெட்டியில் எழுதியிருக்கும்.

"கைப்பு இல்ல சேர், கயர்."

"ரெண்டும் ஒண்டுதான். சும்மா இருங்க."

வெள்ளைக்காரர் போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடதாசியில் ஒரு கோடு கீறினார்.

வேலை வெயிட்டருக்குப் போனது. பிளாக்பெரி எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டேன்.

"ஆர் கண்டது அண்ணே? போத்தலுக்குப் பின்னால எழுதிக் கிடந்திச்சு."

அடுத்த நாள் வெள்ளைக்காரர் அவருக்குப் படிப்பித்தார். குசினியில் வாழைக்காய் ஒன்று கேட்டார்கள். நான்தான் கொண்டுபோனேன். பச்சைத் தோலைக் கடிக்கச் சொன்னார். வெயிட்டரின் வாய் கோணியது. வெள்ளைக்காரர் சிரித்து "டானின்" என்றார். அதுதான் நல்ல வைனின் எலும்பு என்று சுப்பவைசர் விளக்கினார்.

"இதத்தானே சேர் நான் கயர் எண்டனான்."

சுப்பவைசர் கடித்த வாழைக்காயை என்னிடம் திருப்பித் தந்தார்.

"ஓம் அண்ணே. ஆனா நீங்க தமிழில சொன்னீங்க."

வெள்ளைக்காரர் போய்விட்டார். அதன்பிறகு போத்தல் திறந்தால் ஒரு கிளாஸ் முதலில் என் தொட்டிக்கு வரும். பழுதா இல்லையா என்று வெயிட்டருக்குப் பிடிபடாது. நான் கையைத் துடைத்துவிட்டு மணந்து சொல்வேன். ஈரச் சாக்கு மணந்தால் பழுது. அப்படி இரண்டு போத்தலை நிப்பாட்டினேன். நல்ல மூக்கு என்று விருந்தாளிகள் வெயிட்டரைப் புகழ்ந்தார்களாம். அவரே வந்து சொன்னார்.

போன மாதம் இன்னொரு போத்தலின் கிளாஸ் வந்தது. கிளாசைக் கிட்டக் கொண்டுவர முன்னமே ஈரச் சாக்கு.

"என்ன அண்ணே, நல்லமோ?" என்றார் சுப்பவைசர்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது சேர்."

பகிடி என்று நினைத்துக் காத்து நின்றார். நான் கையைத் தண்ணீருக்குள் விட்டேன். போத்தல் மேசைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. பின்னால் வெயிட்டர் முகம் செத்து வந்தார். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

அந்த மேசைக் கிளாசுகளையும் நான்தான் கழுவினேன். விரலிடுக்கு எரிந்தது.